1887-ஐப் படித்தோம், 1910-ஐப் படிக்கவில்லை

பொது நிர்வாகத்தை விருப்பப் பாடமாக எடுத்து குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தவர்கள் யாரை எழுப்பிக் கேட்டாலும் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கும். உட்ரோ வில்சன், 1887, நிர்வாகவியல் பற்றிய அந்தக் கட்டுரை, துறையின் தந்தை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ் நோட்ஸ், முதல் பக்கத்தில் வில்சன் பெயருக்குக் கீழே எனக்கு முன்னால் படித்த யாரோ சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். கட்டுரையின் சாரம் அரைப் பக்கம். அந்த மனிதரைப் பற்றி ஒரே வரி: பின்னாளில் அமெரிக்க அதிபர் ஆனார்.

அந்த இரண்டுக்கும் நடுவில் அவர் எட்டு வருடம் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை நடத்தினார் என்பதும், அங்கே முதல் நான்கு வருடம் அபாரமாக ஜெயித்து அடுத்த நான்கு வருடம் படுதோல்வி அடைந்தார் என்பதும் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஆதங்கமாக இருந்தது, ஏனென்றால் அந்த எட்டு வருடக் கதையை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் 1887 கட்டுரை எனக்கு இன்னும் நன்றாகப் புரிந்திருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். இப்போது அதே மாதிரி நோட்ஸ் வைத்துக்கொண்டு எங்கோ உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்காக.

வில்சன் 1856-இல் வர்ஜீனியாவில் ஒரு பாதிரியார் மகனாகப் பிறந்தவர். பிரின்ஸ்டனில் படித்தார், சட்டம் படித்தார், அட்லாண்டாவில் வக்கீல் அலுவலகம் போட்டார், கட்சிக்காரர்கள் வரவில்லை, ஒரு வருடத்தில் மூடிவிட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் அரசியலும் வரலாறும் படிக்க உட்கார்ந்தார். 1885-இல் அமெரிக்க காங்கிரஸ் உண்மையில் எப்படி இயங்குகிறது என்று ஒரு புத்தகம் எழுதினார். அதிகாரம் சபையில் இல்லை, மூடிய கதவுக்குப் பின்னால் கூடும் கமிட்டிகளில் இருக்கிறது என்பது அதன் வாதம். நல்ல வாதம், இன்றைக்கும் நிற்கிறது. ஆனால் அதை எழுதும்போது அவர் காங்கிரஸைப் போய்ப் பார்க்கவே இல்லை. அவர் இருந்த பால்டிமோரிலிருந்து வாஷிங்டனுக்கு ரயிலில் கொஞ்ச நேரம்தான். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

அப்புறம் அந்தக் கட்டுரை. 1886 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பேசியது, அடுத்த வருடம் அச்சில் வந்தது. அரசியல் சட்டத்தை எழுதுவதைவிட அதை நடத்துவது கடினமாகிக்கொண்டு வருகிறது என்று அதில் ஒரு இடம். இன்னொரு இடத்தில் கத்தி உதாரணம் சொல்வார். ஒரு கொலைகாரன் கத்தியை அருமையாகத் தீட்டுகிறான் என்றால், அவன் தீட்டும் விதத்தை நான் கற்றுக்கொள்ளலாம், அதற்காக அவனுடைய கொலை எண்ணத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை. ஐரோப்பிய மன்னராட்சிகளின் நிர்வாக முறையைக் குடியரசான நாம் எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அவருடைய பதில் அது. நிர்வாகம் என்பது தொழில் மாதிரி, அரசியலின் சச்சரவுக்கு வெளியே நிற்பது என்றார். அரசியல் வேறு, நிர்வாகம் வேறு. தேர்வில் இதற்கு எத்தனை மார்க் வாங்கியிருப்போம்!

1890-இல் தான் படித்த பிரின்ஸ்டனுக்கே பேராசிரியராக வந்தார். மாணவர்களுக்கு அவரை அவ்வளவு பிடிக்கும், வருடா வருடம் அவர்கள் வாக்கெடுத்தால் அவர்தான் முதலில் வருவார். சுருக்கெழுத்தில் குறிப்பு எடுத்து வைத்திருப்பார், ஹாமண்ட் என்ற தட்டச்சு இயந்திரத்தில் தானே தட்டுவார். சின்ன வயதில் பத்து வயதை ஒட்டித்தான் வாசிக்கவே வந்தது என்பார்கள், அந்தப் பையன் வளர்ந்து இப்படி எழுத்துக்கும் பேச்சுக்கும் பேர் வாங்கியது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1902 ஜூனில் பிரின்ஸ்டன் அறங்காவலர்கள் அவரை ஒருமனதாகத் தலைவராக்கினார்கள். நம் ஊர்க் கணக்கில் துணைவேந்தர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அங்கே மேலே அரசு கிடையாது, அறங்காவலர் குழுவும் அதில் உட்கார்ந்திருக்கும் பழைய மாணவர்களின் பணமும்தான். அதுவரை அந்தப் பதவிக்கு வந்தவர்கள் எல்லோரும் பாதிரியார்கள். வில்சன்தான் முதல் பாதிரியார் அல்லாத ஆள். பல்கலைக்கழகம் அப்போது பணக்கார வீட்டுப் பையன்கள் பொழுதைக் கழிக்கும் இடமாகத் தளர்ந்து போயிருந்தது. வந்த வேகத்தில் அறங்காவலர்களிடம் ஒன்றேகால் கோடி டாலர் வேண்டும் என்று கேட்டார். அந்தக் காலத்தில், அந்த அளவு கல்லூரிக்கு, அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை.

அவர் செய்ததில் நான் வணங்கும் விஷயம் ஒன்று உண்டு. 1904-இல் பாடத்திட்டத்தை மாற்றினார்: முதல் இரண்டு வருடம் பொதுவாக எல்லாம், அடுத்த இரண்டு வருடம் ஒரு துறையில் ஆழமாக. சரி, அது நிர்வாகச் சீர்திருத்தம். ஆனால் 1905-இல் கொண்டுவந்தது வேறு ரகம். ஒரே அடியில் ஐம்பது பேர் அளவுக்கு இளம் ஆசிரியர்களைப் புதிதாக எடுத்தார், பலரை அவரே நேரில் பார்த்துப் பேசித் தேர்ந்தெடுத்தார். அவர்கள் வேலை மேடையில் நின்று சொற்பொழிவு செய்வது மட்டும் இல்லை. நான்கைந்து மாணவர்களைத் தன் அறையில் உட்காரவைத்து, அந்த வாரம் படித்த புத்தகத்தைப் பற்றிப் பேசுவது. நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய், இதே ஆசிரியர் இருபது பக்கம் முன்னால் வேறு மாதிரி சொல்லியிருக்கிறாரே, அதற்கு என்ன சொல்கிறாய். அவ்வளவுதான். நோட்ஸ் கிடையாது, மனப்பாடம் கிடையாது, படிக்காமல் வந்தவன் அந்தச் சின்ன அறையில் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது.

இதை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் கல்லூரி வாழ்க்கை முழுக்க ஒரு ஆசிரியரும் என்னிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டதில்லை. அவர்கள் மேல் தப்பு சொல்ல மாட்டேன், ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர், சிலபஸ் முடிக்க வேண்டும். ஆனால் ஒரு அரசியல் அறிஞர் கையில் பதவி வந்ததும் முதல் பெரிய செலவை ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்குச் செய்தார் என்பதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அந்த நான்கு வருடமும் அவர் எல்லோரையும் பேசிப் பேசித் தன் பக்கம் கொண்டுவந்தார். பேராசிரியர்களைக் கலந்து கொண்டார், கமிட்டி போட்டார், பழைய மாணவர்களின் விருந்துக் கூட்டங்களுக்கு ஊர் ஊராகப் போனார். பிரின்ஸ்டன் ஆசிரியர் குழுவில் முதல் யூதரும் முதல் கத்தோலிக்கரும் அவர் காலத்தில்தான் சேர்ந்தார்கள். சின்னச் சின்ன உரசல்களும் இருந்தன. கால்பந்து பார்க்க வந்த கூட்டம் தலைவரின் வீட்டுத் தோட்டத்தை மிதித்துக் குறுக்கு வழியாக்கிக்கொண்டது என்று 1904-இல் சுற்றிலும் இரும்பு வேலி போட்டார், மாணவர்களுக்கு அது பிடிக்கவில்லை. வேலி சின்ன விஷயம்தான், ஆனால் யாருடைய இடம் இது என்ற கேள்வி அங்கேயே முளைத்துவிட்டது.

1906 மே மாதம் ஒரு காலையில் எழுந்தபோது இடது கண் தெரியவில்லை. ரத்தக்குழாய் வெடித்திருந்தது. இங்கிலாந்துக்குப் போய் ஓய்வெடுத்துத் திரும்பினார். அதற்குப் பிறகு அவர் சுபாவமே மாறிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை, ஒரு மனிதனின் பிடிவாதத்துக்கெல்லாம் மூளையில் காரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அவசரம் கூடியது உண்மை.

பிரின்ஸ்டனில் மாணவர்கள் சாப்பிடுவதற்கு என்று கிளப்புகள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. பிராஸ்பெக்ட் அவென்யூ என்ற தெருவில் வரிசையாகப் பெரிய பெரிய மாளிகைகள், 1879-இல் தொடங்கிய ஐவி கிளப்தான் மூத்தது. அன்றைக்கு மூன்றாம், நான்காம் வருட மாணவர்களை அந்தந்த கிளப்பே பொறுக்கி எடுக்கும். எடுக்கப்படாதவன் ஓரமாக நிற்க வேண்டியதுதான். யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்பதை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, பந்தியில் தனி வரிசை போட்ட ஊர் நம்முடையது. வில்சனுக்கு அது படிப்பைக் கெடுக்கிறது என்று பட்டது. நான்கு வருட மாணவர்களும் சில ஆசிரியர்களும் ஒன்றாகத் தங்கி ஒன்றாகச் சாப்பிடும் விடுதிக் கல்லூரிகள் கட்டலாம், கிளப்புகள் அதில் கரைந்துவிடட்டும் என்று திட்டம் போட்டார். பின்னால், 1909-இல், எழுதிய ஒரு கட்டுரையில் கூடாரத்துக்கு வெளியே நடக்கும் வேடிக்கைகள் சர்க்கஸையே விழுங்கிவிட்டன என்று சொல்வார், அந்தக் கவலைதான் இது.

திட்டம் சரியானது. நான் இன்றைக்கும் அவர் பக்கம்தான். ஆனால் செய்த விதத்தைப் பாருங்கள். இத்தனை வருடம் எல்லோரையும் கலந்து பேசியவர் இதை 1907 ஜூனில் நேராக அறங்காவலர்களிடம் கொண்டுபோய்க் கொள்கையளவில் ஒப்புதல் வாங்கிவிட்டு அறிவித்தார். பேராசிரியர்களுக்கு முன்கூட்டித் தெரியாது, பழைய மாணவர்களுக்குத் தெரியாது. அந்தப் பழைய மாணவர்களுக்கோ கல்லூரி என்றாலே கிளப் ஞாபகம்தான், வருடா வருடம் திரும்பி வந்து அங்கேதான் உட்கார்ந்து பேசுவார்கள், அந்த மாளிகைகளைக் கட்டியதும் அவர்கள் பணம். கொதித்துவிட்டார்கள். காங்கிரஸில் கமிட்டிகளின் அதிகாரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து எழுதியவருக்குத் தன் சொந்த ஊரில் அதிகாரம் ஒரு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. அன்றைக்கு வாஷிங்டனுக்குப் போகாதவர் இன்றைக்கு அடுத்த தெருவுக்குப் போகவில்லை.

செப்டம்பரில் ஆசிரியர் குழுக் கூட்டம். திட்டத்துக்கு எதிராக ஹென்றி வான் டைக் என்ற பேராசிரியர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அதை வழிமொழிந்தவர் ஜான் ஹிப்பன். ஹிப்பன் என்றால் வில்சனின் உயிர் நண்பர், இரண்டு குடும்பமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தவை. தலைமை நாற்காலியில் இருந்த வில்சன் முகம் வெளுத்து, பேராசிரியர் ஹிப்பன் வழிமொழிகிறார் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாராம், ஆமாம் என்றாராம் ஹிப்பன். அதோடு அந்த நட்பு முடிந்தது. வாக்கெடுப்பில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் வில்சன் பக்கம்தான் இருந்தார்கள், ஆனாலும் அக்டோபரில் அறங்காவலர்கள் தாங்கள் கொடுத்த ஒப்புதலைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கொள்கையில் மாற்றுக்கருத்து சொன்ன நண்பனைத் துரோகியாகப் பார்த்தது வில்சனின் பெரிய தப்பு என்று நினைக்கிறேன். ஜெயிக்கும்வரை விவாதத்தைக் கொண்டாடியவர், தோற்கும்போது அதைத் தாங்கவில்லை.

அடுத்தது முதுகலைக் கல்லூரிச் சண்டை. இதில் எதிராளி ஆண்ட்ரூ ஃப்ளெமிங் வெஸ்ட், முதுகலைப் பிரிவின் டீன், லத்தீன் பேராசிரியர். ஆக்ஸ்ஃபோர்டு மாதிரி ஒரு அழகான கல்லூரி கட்ட வேண்டும் என்பது அவருடைய வாழ்நாள் கனவு. 1903-இல் அதற்காக அவர் போட்ட கையேட்டுக்கு முன்னுரை எழுதியதே வில்சன்தான். 1906-இல் எம்.ஐ.டி. வெஸ்டைத் தலைவராகக் கூப்பிட்டபோது, போகாதீர்கள், உங்களை நம்பித்தான் முதுகலைக் கல்லூரி என்று அறங்காவலர்கள் தீர்மானம் போட்டார்கள், அந்த வாசகத்தை எழுதியதும் வில்சன்தான். வெஸ்ட் தங்கிவிட்டார். சில மாதத்திலேயே வில்சன் விடுதித் திட்டத்தை முன்னால் வைத்து வெஸ்டின் கனவைப் பின்னுக்குத் தள்ளினார். வெஸ்ட் மன்னிக்கவே இல்லை. அவர் இடத்தில் நானாக இருந்தாலும் மன்னித்திருப்பேனா தெரியாது.

சண்டை இடத்தைப் பற்றி. வில்சன் வளாகத்தின் நடுவில் வேண்டும் என்றார், இளங்கலை மாணவர்கள் ஆராய்ச்சி செய்பவர்களைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதற்காக. வெஸ்ட் தள்ளி, கோல்ஃப் மைதானத்துப் பக்கம் மேட்டில் வேண்டும் என்றார். முன்னாள் அமெரிக்க அதிபர் குரோவர் கிளீவ்லாந்து ஓய்வுக்குப் பிறகு பிரின்ஸ்டனில்தான் குடியிருந்தார், அறங்காவலர் குழுவிலும் இருந்தார், அவர் ஆதரவும் வெஸ்டுக்கு. 1909-இல் சோப்பு வியாபாரத்தில் பெருத்த வில்லியம் கூப்பர் பிராக்டர், பிராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனிக்காரர், ஐந்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார், வில்சன் கேட்ட இடத்தில் கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. பணம் கொடுப்பவர் பல்கலைக்கழகத்தின் கொள்கையைத் தீர்மானிக்கலாமா என்று வில்சன் எழுப்பிய கேள்வி நியாயமான கேள்வி. இன்றைக்கும் பதில் இல்லாத கேள்வி.

ஆனால் 1910 ஜனவரிக் கூட்டத்தில் அவரே தன் வழக்கைக் கெடுத்துக்கொண்டார். பிராக்டர் தரப்பு திடீரென்று இறங்கிவந்து, சரி, இரண்டு இடத்திலும் ஆளுக்கொன்று கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. வில்சன் இதை எதிர்பார்க்கவில்லை. இடம் முக்கியமே இல்லை, லட்சியம் சரியாக இருந்தால் மெர்சர் கவுண்டியில், அதாவது பிரின்ஸ்டன் இருக்கும் மாவட்டத்தில், எங்கே வைத்தாலும் நடத்திக் காட்டுவோம் என்று சொல்லிவிட்டார். இரண்டு வருடமாக இடம், இடம் என்று மல்லுக்கு நின்றவர்! வெஸ்டின் லட்சியம்தான் தப்பு என்றால் அந்தக் கையேட்டுக்கு முன்னுரை எழுதினீர்களே என்று கேட்டார்கள். அதைப் பார்ப்பதற்கு முன்பே எழுதிக்கொடுத்தேன் என்றார். அது உண்மை இல்லை. அறையில் இருந்த சிலருக்கு அது தெரியும். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சங்கடமாக இருக்கும், நாம் மதிக்கும் ஒருவர் நம் கண்முன்னால் தடுமாறுகிற சங்கடம்.

பிப்ரவரியில் பிராக்டர் பணத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். வில்சன் பிழைத்தார் என்று தோன்றியது. மே மாதம் ஐசக் வைமன் என்ற வயதான பழைய மாணவர் மாசசூசெட்ஸில் இறந்தார், சொத்தை முதுகலைக் கல்லூரிக்கு எழுதி வைத்து, அதைப் பார்த்துக்கொள்ள வெஸ்டையும் நியமித்திருந்தார். இருபது லட்சம் டாலருக்குக் குறையாமல் தேறும் என்று எல்லோரும் நம்பினார்கள். உயிரோடிருப்பவர்களோடு மோதலாம், செத்தவரோடு மோத முடியாது என்று வில்சன் சொன்னதாகச் சொல்வார்கள். கைவிட்டுவிட்டார். கடைசியில் அந்தச் சொத்து பேசப்பட்ட தொகைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிரின்ஸ்டன் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பெரிய புள்ளி ஜேம்ஸ் ஸ்மித்துக்கு அப்போது நல்ல பெயருள்ள ஒரு முகம் தேவைப்பட்டது. புரொஃபசர்தானே, சொன்னபடி கேட்பார் என்று நினைத்தார். 1910 செப்டம்பரில் வில்சன் ஆளுநர் வேட்பாளர், அக்டோபரில் பிரின்ஸ்டனிலிருந்து விலகல், நவம்பரில் வெற்றி. வந்ததும் முதல் வேலையாக ஸ்மித் செனட்டுக்குப் போகாமல் தடுத்தார். இரண்டு வருடத்தில் அமெரிக்க அதிபர். அதற்குப் பிறகு நடந்ததை எல்லோரும் எழுதிவிட்டார்கள், 1919-இல் முதல் உலகப்போருக்குப் பிந்தைய வெர்சாய் சமாதான உடன்படிக்கையில் செனட்டோடு ஒரு சொல்லுக்குக்கூட இறங்கிவராமல் மோதித் தோற்றதில் பிரின்ஸ்டனின் நிழல் இருக்கிறது என்பதையும் சேர்த்து.

சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது. கிளப்புகளில் ஒதுக்கப்பட்ட மாணவனுக்காக மனம் நொந்த இதே வில்சன், 1909-இல் ஒரு கறுப்பின மாணவர் சேர விரும்பி எழுதிய கடிதத்துக்கு, அவர் பிரின்ஸ்டனுக்கு வருவது கொஞ்சமும் உசிதமில்லை என்று பதில் போடச் சொன்னார். அன்றைக்கு ஹார்வர்டிலும் யேலிலும் கறுப்பின மாணவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், ஆகவே காலம் அப்படி என்று சமாதானம் சொல்ல வழியில்லை. பிரின்ஸ்டனில் கறுப்பின மாணவர்கள் இளங்கலைப் பட்டம் வாங்க இரண்டாம் உலகப்போரின்போது கடற்படைப் பயிற்சித் திட்டம் வர வேண்டியிருந்தது. அதிபரானதும் மத்திய அரசு அலுவலகங்களில் வெள்ளையர் வேறு, கறுப்பர் வேறு என்று பிரித்து உட்காரவைக்க அவருடைய அமைச்சர்களை அனுமதித்தார். நிர்வாகம் அரசியலுக்கு வெளியே நிற்கும் என்று எழுதியவரின் ஆட்சியில் குமாஸ்தாவின் மேஜை எங்கே இருக்க வேண்டும் என்பதை நிறம் தீர்மானித்தது. நோட்ஸில் இதற்கும் ஒரு வரி இல்லை. 2015-இல் பிரின்ஸ்டன் மாணவர்கள் தலைவர் அலுவலகத்தில் உட்கார்ந்து போராடினார்கள், அப்போது அசையாத அறங்காவலர்கள் 2020 ஜூனில் பொதுக்கொள்கைப் பள்ளியின் பெயரிலிருந்து வில்சனை எடுத்தார்கள். எடுத்தது சரி என்பதே என் எண்ணம். அவருடைய கட்டுரையை நான் இன்னும் படிக்கச் சொல்வேன், இந்தப் பத்தியையும் பக்கத்தில் வைத்து.

தேர்வுக்கு என்னோடு படித்த நண்பன் ஒருவன் இப்போது ஒரு மாவட்டத்தில் அதிகாரியாக இருக்கிறான். போன மாதம் பேசும்போது ஒரு குடிநீர்க் குழாய் எந்தத் தெருமுனையில் வர வேண்டும் என்பதற்கு மூன்று நாள் பஞ்சாயத்து நடந்ததைச் சொன்னான். குழாய் போடுவது அரை நாள் வேலை, இரண்டு தெருக்காரர்களையும் ஒன்றாக உட்காரவைத்ததுதான் மீதி இரண்டரை நாள். எனக்குப் பிரின்ஸ்டனின் கோல்ஃப் மைதானம் ஞாபகம் வந்தது, அவனுக்கும் இந்தக் கதையைச் சொன்னேன். நீ இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமேடா என்றான்.

முதுகலைக் கல்லூரி வெஸ்ட் கேட்ட மேட்டிலேயே 1913-இல் திறந்தது. சாப்பாட்டுக்கூடத்துக்குப் பிராக்டர் பெயர், கோபுரத்துக்குக் கிளீவ்லாந்து பெயர், டீன் குடியிருக்கும் வீட்டுக்கு வைமன் பெயர், முற்றத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெஸ்டின் வெண்கலச் சிலை. வில்சனுக்குப் பின் தலைவரானவர் ஹிப்பன். வில்சன் ஆரம்பித்த அந்தச் சின்ன வகுப்பு மட்டும் இன்னும் நடக்கிறது. இப்போது குழு கொஞ்சம் பெரியது, மாணவர்கள் அதை ப்ரீசெப்ட் என்கிறார்கள். வாரத்துக்கு ஒரு முறை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, படித்ததைப் பற்றிப் பேசுகிறார்கள்.